போடாத கேஸ்கெட்

எண்ணூறு குதிரைச் சக்தி வேண்டும் என்று ஒருவன் ஒற்றைக் காலில் நின்றால், அவனுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டியது டர்போ இல்லை, கொஞ்சம் புத்தி. அது எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் டமாரம் தன் மச்சினனுக்கு டர்போவைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

டமாரம் என்பது தொழில்காரர்கள் வைத்த பெயர். ஆயுசு முழுக்க எஞ்சின் கட்டி, ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று நின்று இடது காது அடியோடு போயிருந்தது. வலது காதுக்குப் பழுதில்லை. பட்டறையின் அந்தக் கோடியில் ஒரு வால்வு தளர்ந்து தட்டினால் இந்தக் கோடியிலிருந்து சொல்லிவிடுவான். செவிட்டுக் காதால் அவனுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன? சரியாக் கேக்கல" என்பான். கேட்டவர்கள் இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்டாட்டி மட்டும் விடமாட்டாள். வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்று, மெதுவாகக் கேட்பாள்.

மச்சினனுக்கு அவசரம் என்று பெயர். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். அவனைப் பெற்றவள் அந்தப் பேறுகாலத்தோடு போய்விட்டாள். அப்பா துறைமுக வேலையே கதி என்று கிடக்க, அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளே அப்போது பாவாடை கட்டுகிற பிள்ளை. கல்யாணம் ஆகி டமாரத்தின் வீட்டுக்கு வந்தபோது தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். "தாய் வீட்டுச் சீதனம்" என்று டமாரம் கேலி செய்வான். வளர்ந்த பிறகு அவசரம் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினான். விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே, கைவிட்டுப்போன விமான ஓடுபாதையில் நேர்ப்பந்தயம் ஓட்டினான். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு மாறியதும் பாயும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற விளையாட்டுக்கு அவனைப் போல ஏங்கினவன் உண்டா தெரியாது.

இப்போது ஒரு பழைய நாலு கதவு காரைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தியிருந்தான். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. எஞ்சினை வெளியே எடுத்து ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து உள்ளே என்ன போடுவது என்று பேசினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு அலச மாட்டார்கள்.

"பெரிய டர்போ தூங்குமூஞ்சி மாப்ள. எழும்ப நேரமாகும். எழுந்துட்டா கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும்."

"நானும் அப்படித்தானே மாமா. காலையில எழுப்பிப் பாருங்க, அக்காவைக் கேட்டா சொல்லும்."

"சின்னதாப் போட்டா அடியிலேருந்தே இழுக்கும். ஓட்ட வாகா இருக்கும்."

"வாகா ஓட்ட எனக்கு ரொட்டி வேன் இருக்கு."

பெரிய டர்போவே முடிவாயிற்று. அது எஞ்சினுக்குள் திணிக்கிற காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைத் தாங்க, வார்த்த பிஸ்டன் ஆகாது, அடித்துச் செய்த பிஸ்டன். ராடு தடித்த எஃகில். சிலிண்டர் தலையைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்தப் பழைய போல்ட் போதாது, கனமான ஸ்டட். ஒவ்வொன்றுக்கும் அவசரம் உள்ளதிலேயே உசத்தியான சரக்கைக் காட்டினான். டமாரம் எடுத்துத் திருப்பிப் பார்ப்பான், நகத்தால் தட்டிப் பார்ப்பான், தலையாட்டுவான். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்திருந்தால் வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எத்தனை பெரிய எஞ்சினாக இருந்தாலும் டமாரம் ஒரு பாகத்தை மட்டும் வேண்டுமென்றே மற்றதைவிடப் பலம் குறைந்ததாகப் போடுவான். அதற்குப் பலிகடா என்று பெயர் வைத்திருந்தான். அளவுக்கு மீறி முறுக்கினால் எது செத்தாலும் சாகும், எது முதலில் சாக வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. பெரும்பாலும் பலிகடா ஹெட் கேஸ்கெட்தான். பிளாக்குக்கும் தலைக்கும் நடுவே வைக்கிற மெல்லிய தகடு. அழுத்தம் எல்லை மீறினால் அது பொசுங்கி வழிவிடும். புகை ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும், தண்ணீர், பொங்கி வழிவதைப் பிடிக்க வைத்த டப்பாவில் கொப்பளிக்கும், வண்டி சோர்ந்துபோகும். ஓட்டுகிறவன் நிறுத்திவிட்டால் பிஸ்டன் தப்பும், ராடு தப்பும். இந்த வழக்கத்தில் பாதி வேலை பாகம், பாதி வேலை பேச்சு. வண்டியை ஒப்படைக்கும்போது சொந்தக்காரனை நிறுத்தி வைத்து, "இதுதான் பலிகடா. டப்பாவுல தண்ணி கொதிச்சா இது போயிட்டதுன்னு அர்த்தம். அப்பவே நிறுத்து" என்று சொல்லாமல் சாவியைக் கொடுத்ததே இல்லை.

அவசரத்துக்கு அந்த வழக்கம் தெரியும். அதனால்தான் மேசையில் கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கி வைத்தான். உள்ளே, எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த கேஸ்கெட்.

"எனக்குப் பலிகடா வேண்டாம் மாமா. எல்லாமே எஃகு. போனா மொத்தமாப் போகட்டும்."

"வாயைக் கழுவுடா" என்றான் டமாரம். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

வீட்டில் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரே உட்கார்ந்துகொண்டு கரண்டியை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் கேக்கிறதை எல்லாம் போட்டுக் கொடுக்கப் போறீங்களா?"

"நான் மாட்டேன்னா அடுத்த தெருப் பட்டறைக்குப் போவான். அங்க எவன் கையில மாட்டுவானோ."

"எனக்கு எஞ்சினைப் பத்தித் தெரியாது. அவனைப் பத்தித் தெரியும். அடுப்புல கைய வைக்காதேன்னா வச்சுட்டுத்தான் அழுவான். நான் பெத்துக்காத பிள்ளைங்க அவன். எப்படியாவது அவனைக் காப்பாத்திக் கொடுத்துடுங்க. ஓடாத வண்டியாப் பண்ணிக் கொடுத்தாக்கூடப் பரவாயில்ல."

பெண்டாட்டி கண்ணீர் விட்டால் டமாரத்துக்குக் கை கால் ஓடாது. அன்றைக்கும் ஓடவில்லை. அவள் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தலையைப் பொருத்துகிற நாளில் அவசரத்தை எண்ணெய் வடிகட்டி வாங்கிவர அனுப்பினான். அவன் கேட் தாண்டியதும் எஃகு கேஸ்கெட்டை உறையோடு அலமாரியின் மேல்தட்டில், பழைய பெல்ட்டுகளுக்கு அடியில் செருகினான். சாதாரண கேஸ்கெட் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்து, தலையை இறக்கி, ஸ்டட்டுகளை முறைப்படி இறுக்கினான். நல்ல காரியம் செய்கிற நிம்மதிதான் இருந்தது. அவசரம் திரும்பி வந்தபோது எல்லாம் மூடியாகிவிட்டது.

"அதுக்குள்ள இறுக்கியாச்சா? எஃகுதானே மாமா?"

டமாரம் இடது காதைக் கொடுத்தான். "என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே அவசரம் வடிகட்டியை நீட்டினான்.

சாப்பாட்டு வேளையில் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். "வண்டி ஓடும். ஆனா அவன் நெனைக்கிற மாதிரி ஓடாது. பூஸ்ட்டை ஏத்தினா பாதியிலேயே தண்ணியைக் கக்கிட்டுப் படுத்துடும். ரெண்டு தடவை நாலு பேர் முன்னாடி நின்னா அவனுக்கே வெறுத்துப் போயிடும்." அவளுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து, "உங்களுக்கும் மூளை இருக்குங்க" என்றாள்.

சாவியைக் கொடுக்கிற அன்று வழக்கமான பேச்சு நடக்கவில்லை. பலிகடா இல்லாத எஞ்சினுக்கு என்ன பேச்சு? "பூஸ்ட்டைக் கம்மியா வச்சு ஓட்டிப் பழகு" என்று மட்டும் சொன்னான். சொன்னால் கேட்கிறவனா அவன்? கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஏற்ற ஏற்ற வண்டி பறந்தது. பந்தயத்துக்குச் சில நாள் இருக்கும்போது பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, டப்பாவுல தண்ணி கொப்பளிக்குது. கொஞ்சம் வெளிய வழியுது."

டமாரம் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"கூட ஓட்டுறவன் ஒருத்தன் கேஸ்கெட் போச்சுடான்னான். நான் அவனை ஏறி மிதிச்சுட்டேன். எங்க மாமா இறுக்கின எஃகு கேஸ்கெட் போகுமாடா, உலகமே போனாலும் அது போகாதுன்னு சொன்னேன். வேற என்னவா இருக்கும் மாமா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தான், அதுதான் கொடுமை. "உள்ள காத்து அடைச்சிருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்றான். மனசுக்குள் கணக்கு வேறாக இருந்தது. கேஸ்கெட் பொசுங்க ஆரம்பித்துவிட்டது. பந்தயத்தன்று முதல் உதைப்பிலேயே போய்விடும். வண்டி கோட்டிலேயே படுத்துக்கொள்ளும். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், பிள்ளை வீடு வந்து சேருவான்.

இவன் ஒரு கணக்குப் போட்டால் அவசரம் வேறு கணக்குப் போட்டான். பந்தயத்தில் பரிசோதகர்கள் உண்டு. தரையில் ஒரு சொட்டு நீர் ஒழுகினாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓடுபாதை ஈரமானால் பின்னால் வருகிறவன் சக்கரம் வழுக்கும் என்பதால் அந்த விதி. கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, உள்ளே வெறும் காற்றுதான், அப்படியானால் ஒழுகாமல் அடைத்துவிட்டால் தீர்ந்தது. அவனிடம் இருந்த செய்திக்கு அவன் செய்தது சரிதான். ரேடியேட்டருக்குப் பலமான ஸ்பிரிங் வைத்த மூடி வாங்கி மாட்டினான். டப்பாவுக்குப் போகிற குழாயை கிளிப் போட்டு நெரித்துக் கட்டினான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வழியவில்லை.

பந்தய நாளில் டமாரமும் போனான். மாமனாரும் குடையும் கையுமாக வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மகன் ஓட்டுவதை ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை, திட்டுவதற்குத்தான் வாய் திறப்பார். அன்றைக்கு என்னவோ வந்துவிட்டார். பெண்டாட்டி வரவில்லை. "நின்னதும் போன் பண்ணுங்க. அவனுக்குப் பிடிச்சதா ஏதாவது சமைச்சு வைக்கிறேன்" என்று அனுப்பியிருந்தாள்.

வரிசையில் நின்ற காரின் பானெட் திறந்திருந்தது. டமாரம் எட்டிப் பார்த்தான். புது மூடி பளபளத்தது. குழாயில் கிளிப்.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. பொசுங்குகிற புகை போக வழியில்லை. தண்ணீர் கொப்பளித்து வெளியே வர வழியில்லை. ரேடியேட்டர் மொத்தமும் ஊதி ஊதிப் புடைக்கப் போகிறது. எங்கேயாவது ஒரு ரப்பர் குழாய் பிய்த்துக்கொள்ளும். எப்போது பிய்த்துக்கொள்ளும் என்று அவனாலும் சொல்ல முடியாது. ஓட்டத்தின் தொடக்கத்திலும் இருக்கலாம், முடிவிலும் இருக்கலாம்.

"மாப்ள" என்று கூப்பிட்டான்.

அவசரம் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினான். பக்கத்தில் சேக்காளிகள், பின்னால் மாமனார். "பாத்தியாப்பா, மாமா கட்டின எஞ்சினை எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கிழவர் மருமகனைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து டமாரம் பார்த்ததில்லை.

நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்வதற்கு ஒரு வாய் வேண்டும். டமாரத்துக்கு அது வரவில்லை. "பூஸ்ட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றான். அவன் "சரி மாமா, சரி மாமா" என்று கண்ணடித்துவிட்டு உள்ளே ஏறிக்கொண்டான். குறைக்க மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொள்ளட்டும், ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொள்ளட்டும் என்று டமாரம் யாரிடமோ வேண்டிக்கொண்டான்.

ஆரம்பத்தில் ஒன்றும் ஆகவில்லை. வண்டி நேராகப் போயிற்று. பாதி தாண்டியும் நேராகத்தான் போயிற்று. எஞ்சின் பாடிய பாட்டு வலது காதில் விழுந்தபோது, பாவி மனசு ஒரு நொடி பெருமைப்பட்டது. அப்புறம் முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், முழு வேகத்தில், முன்பக்கம் வெள்ளையாக ஆவி கிளம்பியது. கண்ணாடி மறைந்தது. கொதிதண்ணீர் மொத்தமும் வண்டியின் அடியிலேயே கொட்ட, பின்சக்கரங்கள் அதன் மேலேயே ஏறின. வண்டி குறுக்கே திரும்பியது. சிமென்ட் சுவரில் மோதிய சத்தம் இடது காதிலும் கேட்ட மாதிரி இருந்தது.

மாமனார் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். டமாரத்தின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி நின்றுவிட்டதா என்று கேட்கத்தான் அவள் கூப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, பந்தயம் நடத்துகிறவர்கள் நசுங்கின வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். டமாரம் அதன் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவைத்திருந்தான். மாமனார் விடவில்லை. காலையிலேயே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மகளும் கூட வந்து கதவோரம் நின்றாள்.

"என் பிள்ளை எதனால போனான்னு எனக்குத் தெரியணும் மாப்ள. திறந்து காட்டு."

திறந்தான். எஞ்சினை வெளியே எடுத்து ஸ்டாண்டில் ஏற்றியபின் ஸ்டட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தலையைத் தூக்கிக் கீழே வைத்தான். பிஸ்டன்கள் கீறல்கூட இல்லாமல் இருந்தன. ராடு ஒன்றுகூட வளையவில்லை. டர்போவின் சக்கரத்தை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கேஸ்கெட் மட்டும் இரண்டு சிலிண்டருக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கருகிப் போயிருந்தது. பலிகடா தன் வேலையைச் செய்திருந்தது. டமாரம் கட்டின எஞ்சின்களிலேயே அது இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

"இது என்ன கருப்பா?" என்று கிழவர் குனிந்து பார்த்தார்.

"கேஸ்கெட் மாமா." கருகின விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

அவர் காத்திருக்கவில்லை. கேஸ்கெட் அவர் கண்ணுக்குக் கருகின காகிதம். அவர் பார்த்தது முழுசாக இருந்த பிஸ்டன்களை. "குழாயை நெரிச்சுக் கட்டினது அவன்தான்னு அந்தப் பரிசோதகர் சொன்னாரு. அவசரக்காரன். பொறந்ததிலேருந்து அவசரம். நீ போட்டது எதுவும் உடையல மாப்ள. உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. ஊரு ஆயிரம் பேசும், நீ மனசுல வச்சுக்காதே" என்று மருமகனின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அழுதார். டமாரம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கிழவர் முகம் கழுவ வெளியே போனார். பெண்டாட்டி கதவோரத்திலிருந்து வந்து எஞ்சினைப் பார்த்தாள். பிஸ்டன் ஒன்றின் தலையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். புகைக்கறை போனதும் அவள் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது. பிறகு அலமாரியைப் பார்த்தாள். எங்கே வைத்தான் என்று அவளிடம் அவனே சொல்லியிருந்தான். எக்கி, பெல்ட்டுகளை விலக்கி, பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். பிரிக்காத உறை.

"இதுதானா?"

டமாரம் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, கழற்றின ஸ்டட்டுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

அவள் எஞ்சின் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"எதைக் காப்பாத்திக் கொடுக்கச் சொன்னேன் உங்ககிட்ட?"

அந்தக் காது நன்றாகத்தான் கேட்டது.